இதயத்திற்குப் பரவும் மார்பகப் புற்றுநோய்

மார்பகத்தில் தோன்றிய புற்றணுக்கள் இதயத்தையோ அதன் உறையையோ சென்றடையும் நிலை. நான்காம் கட்ட நோயாக வகைப்படுத்தப்படும். முதல் சிகிச்சை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் வெளிப்படலாம். இதயத்திலேயே தோன்றும் புற்று மிக அரிது. பிற உறுப்புகளிலிருந்து வந்து சேர்வதே பன்மடங்கு அதிகம்.

நிணநீர் நாளங்கள் வழியாகப் பரவும்போது பெரும்பாலும் இதய உறையே பாதிக்கப்படுகிறது. உறைக்குள் நீர் மிகுந்தால் இதயம் விரிய இடமின்றி அழுந்தும். ரத்த அழுத்தம் சரியும், கழுத்துச் சிரை புடைக்கும். இது உடனடிச் சிகிச்சை தேவைப்படும் உயிராபத்து. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கால்வீக்கம் பிற அறிகுறிகள். மார்பகப் புற்றுக்குத் தரப்படும் டாக்சோரூபிசின், டிராஸ்டுசுமாப் மருந்துகளும் இடப்பக்கக் கதிர்வீச்சும் இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், காரணத்தைப் பிரித்தறிவதே மருத்துவரின் முதன்மையான, கடினமான பணி.

எக்கோ பரிசோதனை நீர் சேர்ந்திருப்பதைக் காட்டும். ஊசி வழியே நீரை வெளியேற்றி, அதில் புற்றணு உள்ளதா என ஆய்வர். நீர் மீண்டும் சேர்ந்தால் அறுவை மூலம் உறையில் திறப்பு ஏற்படுத்தலாம். புற்றின் ஹார்மோன் ஏற்பிகளுக்கும் ஹெர்2 புரதத்தின் நிலைக்கும் ஏற்ப மருந்துகள் அமையும். முற்றாகக் குணமாவது அரிது; நோயைக் கட்டுப்படுத்தித் துன்பத்தைத் தணிப்பதே நோக்கம்.

தமிழகத்தில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை 1954இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் தொடங்கியது. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரிலான அரசு புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்கள், புதிதாக மூச்சுத்திணறல் தோன்றினால் தாமதியாமல் பழைய சிகிச்சைக் குறிப்புகளுடன் மருத்துவரை அணுக வேண்டும்.