ஜிம்பாப்வே நில இழப்பீடு: யார் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது?

2025 ஏப்ரலில் ஜிம்பாப்வே அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நிலம் பறிக்கப்பட்ட வெள்ளைக்கார விவசாயிகளின் 378 பண்ணைகளுக்கு இழப்பீட்டின் முதல் தொகையாகச் சுமார் 30 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்துவிட்டோம் என்றது. செய்தியைப் படித்தவர்களில் பலர், "ஆப்பிரிக்கர்களின் மண்ணைப் பிடுங்கியவர்களுக்கே நஷ்டஈடா?" என்று கேட்டார்கள். "பணம் கொடுத்துக் கிரயம் முடித்த நிலத்தை ஒரு பைசா தராமல் பிடுங்கினால் அது மட்டும் நியாயமா?" என்று வேறு சிலர் கேட்டார்கள். இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். பதில் தேடினால் நாம் 1888-க்குப் போக வேண்டியிருக்கிறது.

முதல் பத்திரம்

அந்த வருடம் தெபெலே மக்களின் மன்னர் லோபெங்குலாவிடம் சிசில் ரோட்ஸின் ஆட்கள் ஒரு பத்திரத்தில் முத்திரை வாங்கினார்கள். சுரங்கம் தோண்டும் உரிமை அவர்களுக்கு. பதிலாக மன்னருக்கு மாதம் 100 பவுண்டு, 1,000 துப்பாக்கிகள், 1,00,000 தோட்டாக்கள், சாம்பேசி ஆற்றில் ஓட்ட ஒரு நீராவிப் படகு. பத்து பேருக்கு மேல் தோண்ட வர மாட்டோம் என்று வாய்மொழியாகச் சொன்ன வாக்குறுதி பத்திரத்தில் ஏறவே இல்லை. எழுத்தறியாதவரிடம் கைநாட்டு வாங்கும் கதை நம் ஊர்களுக்கும் புதிதல்ல என்பதால் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

நில உரிமை எதையும் அந்தப் பத்திரம் அவர்களுக்குத் தரவில்லை. ஆனாலும் அதைக் காட்டித்தான் 1889-ல் ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனி அரச சாசனம் பெற்றது. 1890-ல் அதன் படை உள்ளே நுழைந்தது. வந்த ஒவ்வொருவருக்கும் சுமார் 3,000 ஏக்கர் என்பது பேச்சு. 1893-ல் தெபெலே அரசைத் தாக்கப் போன தொண்டர்களுக்கு அது 6,000 ஏக்கர் ஆனது. போருக்குப் புறப்படும் முன்பே பிறர் நிலம் பங்கு பிரிக்கப்பட்டுவிட்டது. 1896-97-ல் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள், கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது.

இந்த நாட்டு நிலத்துக்காக முதன்முதலில் பெருந்தொகை வாங்கியது யார் தெரியுமா? அந்தக் கம்பெனியேதான். யாருக்கும் பட்டா கொடுக்காமல் மீதமிருந்த நிலம் யாருடையது என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. ஆப்பிரிக்கர்களின் சார்பிலும் வாதாடப்பட்டது. 1918-ல் தீர்ப்பு வந்தது. நிலம் கம்பெனியுடையதும் அல்ல, ஆப்பிரிக்கர்களுடையதும் அல்ல, பிரிட்டிஷ் முடியரசுக்கே சொந்தம் என்றது அது. கூடவே, நாட்டை நிர்வகித்ததில் கம்பெனிக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்றும் சொன்னது. அதன்படி 1923-ல் 37,50,000 பவுண்டு கம்பெனிக்குக் கிடைத்தது. அதில் 20,00,000 பவுண்டு தெற்கு ரொடீசியாவின் புதிய அரசே ஏற்றது. அந்த அரசின் கஜானாவை நிரப்பியவர்களில் குடிசை வரி கட்டிய ஆப்பிரிக்கர்களும் உண்டு. நிலத்தை இழந்தவர்களின் வரிப்பணமும் சேர்ந்து எடுத்தவர்களிடம் போனது என்று இதைச் சொல்வதில் மிகை ஏதும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

1930-ன் நிலப் பங்கீட்டுச் சட்டம் எல்லாவற்றையும் கோடு போட்டுப் பிரித்தது. சுமார் 9.6 கோடி ஏக்கர் நாட்டில் ஏறத்தாழ 4.9 கோடி ஏக்கர் வெள்ளையர் பகுதி. அப்போது அவர்கள் சுமார் 50,000 பேர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களுக்கு ஒதுக்குப்புறப் பகுதிகளாகச் சுமார் 2.1 கோடி ஏக்கர். காசு கொடுத்து வாங்கலாம் என்று தனியாக இன்னொரு 75 லட்சம் ஏக்கர். நல்ல மண்ணும் மழையும் ரயில் பாதையும் எந்தப் பக்கம் போயின என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளையர் பகுதியில் தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் ஒரே நாளில் "அத்துமீறிக் குடியேறியவர்கள்" ஆனார்கள். அவர்களை வெளியேற்றும் வேலை அதன்பின் பல பத்தாண்டுகள் நடந்தது. 1969-ல் இன்னொரு சட்டம் வந்து இதே பிரிவினையை உறுதிசெய்தது.

லண்டன் பேச்சுவார்த்தையில் போட்ட முடிச்சு

1970-களின் விடுதலைப் போருக்கு நிலம்தான் அடிப்படை. 1979-ல் லண்டன் லங்காஸ்டர் ஹவுஸில் பேச்சுவார்த்தை நடந்தபோது, நிலப் பிரச்சினையில்தான் அது முறியும் நிலைக்கு வந்தது. கடைசியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பத்து ஆண்டுகளுக்குச் சொத்துரிமைப் பிரிவை மாற்றக் கூடாது. விற்க விரும்புபவரிடம் வாங்க விரும்புபவர் வாங்கலாம். அரசு கட்டாயமாக எடுப்பதானால் பயன்படுத்தாத நிலமாக இருக்க வேண்டும். முழு இழப்பீடு உடனடியாகத் தர வேண்டும். உரிமையாளர் கேட்டால் அதை வெளிநாட்டுப் பணமாகக் கொண்டுபோக விட வேண்டும். நிலம் வாங்கப் பணம் தருவோம் என்று பிரிட்டனும் அமெரிக்காவும் நம்பிக்கை ஊட்டின. எவ்வளவு என்று எழுத்தில் எதுவும் இல்லை. லோபெங்குலாவின் பத்திரத்தைப் படித்துவிட்டு வருபவருக்கு இந்த இடம் உறுத்தாமல் இருக்காது.

1980 ஏப்ரல் 18-ல் சுதந்திரம் வந்தபோது சுமார் 6,000 வெள்ளை விவசாயிகளிடம் 1.5 கோடி ஹெக்டேருக்கும் மேல் இருந்தது. ஒரு ஹெக்டேர் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். 1,62,000 குடும்பங்களைக் குடியேற்றுவோம் என்று அரசு இலக்கு வைத்தது. பத்து ஆண்டுகளில் அதில் பாதியைக்கூட எட்ட முடியவில்லை. விற்பனைக்கு வந்த நிலம் பெரும்பாலும் தரம் குறைந்தது, விலையோ சந்தை விலை. பிரிட்டன் மொத்தத்தில் தந்தது சுமார் 4.4 கோடி பவுண்டு.

இந்தக் காலத்தில் நடந்த ஒன்று பின்னால் பெரிய சிக்கலானது. பண்ணை விற்பனைக்கு வந்தால் முதலில் அரசிடம் கேட்க வேண்டும் என்று 1980-களில் சட்டம் வந்தது. அரசுக்கு வேண்டாம் என்றால் "இப்போதைக்கு நாட்டமில்லை" என்று சான்றிதழ் தரும். அந்தச் சான்றிதழோடு சுதந்திரத்துக்குப் பிறகு பண்ணை வாங்கியவர்கள் ஏராளம். இவர்களை ரோட்ஸின் வாரிசுகள் என்று ஒரே அடியாகத் தள்ளிவிட முடியுமா? நம்மைக் கேட்டால், இழப்பீட்டு வாதத்தில் வலுவான கட்சி இவர்களுடையதுதான்.

1997 நவம்பரில் பிரிட்டனின் புதிய தொழிற்கட்சி அரசு சார்பில் அமைச்சர் கிளேர் ஷார்ட், ஜிம்பாப்வே விவசாய அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதினார். நிலம் வாங்கும் செலவில் பிரிட்டனுக்குத் தனிப் பொறுப்பு இருப்பதாகத் தாங்கள் கருதவில்லை என்றார். தம் பூர்வீகம் அயர்லாந்து என்றும், தாமும் காலனிக்கு ஆட்பட்ட மக்களின் வழிவந்தவரே என்றும் அதில் குறிப்பிட்டிருந்தார். ஹராரேயில் இது எப்படிப் படிக்கப்பட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. ஓர் அரசு மாறினால் அதற்கு முந்தைய அரசின் கடன் மறைந்துவிடுமா என்ற கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை நிற்கிறது.

நிலத்துக்கு இல்லை, கிணற்றுக்கு உண்டு

2000 பிப்ரவரியில் ராபர்ட் முகாபே அரசு புதிய அரசியல் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டுத் தோற்றது. அடுத்த சில வாரங்களில் பண்ணைகளுக்குள் கூட்டம் கூட்டமாக ஆட்கள் புகுந்தார்கள். முன்னாள் போராளிகள் முன்னே நின்றார்கள், அரசு தடுக்கவில்லை. கொலைகளும் நடந்தன. ஏப்ரலில் அரசியல் சட்டத்தில் 16ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. விவசாய நிலத்துக்கான இழப்பீட்டைத் தர வேண்டியது முன்னாள் காலனி ஆட்சி நாடு. அது தராவிட்டால் ஜிம்பாப்வேக்கு அந்தக் கடமை இல்லை. நிலத்தின் மேல் செய்த மேம்பாடுகளுக்கு மட்டும் ஜிம்பாப்வே தரும் என்றது அந்தப் பிரிவு. மேம்பாடு என்றால் வீடு, கிணறு, அணை, வேலி, புகையிலை பதனிடும் கொட்டகை, நட்டு வளர்த்த மரம் போன்றவை.

இந்தப் பிரிவை வெறும் தந்திரம் என்று ஒதுக்க முடியாது. மண் எங்களுடையது, அதை நீ வாங்கியது உன்னிடம் விற்றவனோடு உனக்குள்ள கணக்கு. நீ சிந்திய உழைப்புக்கு நாங்கள் கூலி தருகிறோம் என்ற தர்க்கம் அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கூலியையும் அரசு நேரத்துக்குத் தரவில்லை. அதோடு பறித்த நல்ல பண்ணைகள் பல, நிலமில்லாத ஏழையைத் தாண்டி ஆளுங்கட்சிப் பெரும்புள்ளிகளின் கைக்குப் போயின. ஒன்றரை லட்சத்துக்கு நெருக்கமான குடும்பங்கள் சிறு நிலம் பெற்றதும் உண்மை, இதுவும் உண்மை. ஒன்றைச் சொல்பவர்கள் மற்றதைச் சொல்வதில்லை.

2005-ல் செய்த திருத்தம், கையகப்படுத்தியதை எதிர்த்து நீதிமன்றம் போகும் வழியையே அடைத்தது. இழப்பீட்டுத் தொகை பற்றி மட்டும் வழக்காடலாம். உள்ளூர்க் கதவு அடைபட்டதால் வெளியே போனார்கள். மைக் கேம்ப்பெல் என்ற விவசாயியும் மற்றவர்களும் நமீபியாவின் விண்ட்ஹூக்கில் இருந்த தென்னாப்பிரிக்க வட்டார நாடுகளின் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார்கள். 2008 நவம்பரில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. இது இன அடிப்படையிலான பாகுபாடு, நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்றது தீர்ப்பாயம். ஜிம்பாப்வே மதிக்கவில்லை. உறுப்பு நாடுகளின் தலைவர்கள் 2010-ல் தீர்ப்பாயத்தையே நிறுத்திவைத்தார்கள். வாதிகள் விடவில்லை. வழக்குச் செலவுக்கான உத்தரவைத் தென்னாப்பிரிக்க நீதிமன்றங்களில் பதிவுசெய்து, கேப் டவுனில் ஜிம்பாப்வே அரசுக்குச் சொந்தமான வீடு ஒன்றை 2015-ல் ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இன்னும் வலுவான கருவி இருந்தது. நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளோடு ஜிம்பாப்வே போட்ட முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்களின்படி அவர்கள் உலக வங்கியின் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 2009-ல் டச்சு விவசாயிகளும் 2015-ல் ஒரு ஜெர்மன்-சுவிஸ் குடும்பமும் வென்றார்கள். ஒரே வயலின் இரு பக்கத்து உரிமையாளர்களில் ஒருவருக்கு முழு விலை, மற்றவருக்குக் கிணற்றுக் காசு, வித்தியாசம் பாஸ்போர்ட்டில்தான்.

2013 அரசியல் சட்டம் இதை எழுத்திலேயே வைத்தது. 295-வது பிரிவின்படி பூர்வகுடி ஜிம்பாப்வேயர்களுக்கும் ஒப்பந்தப் பாதுகாப்பு உள்ள வெளிநாட்டவருக்கும் நிலம், மேம்பாடு இரண்டுக்கும் இழப்பீடு. மற்றவர்களுக்கு மேம்பாட்டுக்கு மட்டும்.

350 கோடி டாலர்

முகாபேக்குப் பின் வந்த எம்மர்சன் மனங்காக்வா அரசு 2020 ஜூலை 29-ல் விவசாயிகள் அமைப்புகளோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. மேம்பாடுகளுக்காக 350 கோடி அமெரிக்க டாலர். பாதியை ஓராண்டில், மீதியை அடுத்த நான்கு ஆண்டுகளில் தருவதாகத் திட்டம். கஜானாவில் பணமில்லை; கெடு தவறியது. பிறகு வந்த ஏற்பாடுதான் நாம் தொடக்கத்தில் சொன்ன 2025 பட்டுவாடா. 378 பண்ணைகளுக்கு ஒப்புக்கொண்டது சுமார் 31 கோடி டாலர். கையில் கொடுத்தது அதில் நூற்றுக்கு ஒன்று. மீதிக்கு டாலர் மதிப்பில் அரசுக் கடன் பத்திரங்கள், ஆண்டுக்கு 2 சதவீத வட்டி, பத்து ஆண்டுவரை தவணை. பணவீக்கத்தில் பலமுறை தன் நாணயத்தையே இழந்த ஒரு அரசின் பத்திரத்தை ஏற்கப் பல விவசாயிகள் மறுத்துவிட்டார்கள். வயது முதிர்ந்தவர்கள் சிலர், கிடைத்தது போதும் என்று வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது ஏன் இந்த அவசரம்? உள்நாடும் வெளிநாடும் சேர்த்து ஜிம்பாப்வேயின் அரசுக் கடன் 2,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பழைய பாக்கியைத் தீர்க்காமல் புதுக் கடன் கிடைக்காது. பாக்கித் தீர்வுப் பேச்சில் விவசாயிகளின் இழப்பீடும் ஒரு நிபந்தனை. 1930-ல் விரட்டப்பட்ட குடும்பங்களின் பேரர்களுக்கு என்ன என்பது அந்தப் பேச்சின் பட்டியலிலேயே இல்லை.

கணக்கில் வராதவர்கள்

பறிக்கப்பட்ட பண்ணைகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தார்கள். வேலையோடு குடியிருப்பும் பள்ளிக்கூடமும் மருந்தகமும் பண்ணைக்குள்ளேயே இருந்ததால், பண்ணை போனதும் எல்லாம் போயிற்று. புதிய நிலப் பங்கீட்டில் இவர்களில் மிகச் சிலருக்கே இடம் கிடைத்தது. பலருடைய தாத்தாக்கள் மலாவி, மொசாம்பிக், சாம்பியாவிலிருந்து கூலிக்கு அழைத்துவரப்பட்டவர்கள். 2001-ல் குடியுரிமைச் சட்டம் இறுக்கப்பட்டபோது, தாங்கள் பார்த்தேயிராத நாட்டின் குடியுரிமையை எழுத்துமூலம் துறக்கச் சொன்னார்கள். செய்ய முடியாதவர்கள் பிறந்த மண்ணிலேயே அந்நியர் ஆனார்கள்.

நம் வாசகர்கள் அறிய வேண்டிய ஒரு செய்தியும் இதில் இருக்கிறது. ஜிம்பாப்வே முஸ்லிம்கள் மிகச் சிறுபான்மையினர். ஹராரேயிலும் புலவாயோவிலும் கடை வைத்திருக்கும் குஜராத்தி வழியினரைத்தான் நம்மவர்கள் அறிவார்கள். ஆனால் மலாவியிலிருந்து சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் வந்த யாவோ இனத்து முஸ்லிம்கள், அந்த நாட்டு முஸ்லிம் சமூகத்தின் முக்கியமான பகுதி. நிலத் தகராறில் இவர்கள் பட்டாதாரர்களும் அல்ல, போராளிகளும் அல்ல. நூறு வருடம் புகையிலை பறித்தவர்கள்.

2020 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை அரசும் பண்ணை உரிமையாளர்களின் அமைப்புகளும். தொழிலாளர்கள் அதில் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை.