கையில் கட்டிய வளையம்

நான் தொலைபேசி இலாகாவில் சேர்ந்த காலத்தில், எக்ஸ்சேஞ்ச் கதவைத் திறந்தாலே டகடகவென்று சத்தம் காதை அடைக்கும். அது ஸ்ட்ரோஜர் முறை. அமெரிக்காவில் ஈமச்சடங்கு ஏற்பாடு செய்யும் தொழிலில் இருந்த அல்மான் ஸ்ட்ரோஜர் 1891-ல் காப்புரிமை பெற்றது. அதன் செலக்டர்களை ரேக்கிலிருந்து கழற்ற எங்களுக்குப் பயமே கிடையாது. இரும்பும் பித்தளையும்தானே! தூசி தட்டி, துடைத்து, எண்ணெய் விட்டு மறுபடி மாட்டுவோம்.

1984-ல் சி-டாட் தொடங்கியது. 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் அதன் முதல் கிராமப்புற எக்ஸ்சேஞ்ச் வந்தது. 128 முனைகள் கொண்டது; ஏ.சி. வேண்டியதில்லை. பிறகு ஊர் ஊராக அந்தப் பெட்டிகள் போயின. எங்களுக்கும் மறுபடி பயிற்சி கொடுத்தார்கள்.

பாதிப் பாடம் கழற்றுவதைப் பற்றித்தான். ரேக்கைத் தூக்கி நிறுத்துமுன் கார்டுகளை எடுத்துவிட வேண்டும். எடை குறையும், குலுக்கலில் பின்பக்க இணைப்பு முள் வளையாது. எந்தக் கார்டு எந்த இடம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். 48 வோல்ட் மின்சாரத்தைத் துண்டித்த பிறகே கை வைக்க வேண்டும். ஓரத்தைப் பிடித்து நேராக இழுத்து, உடனே அதற்கான உறையில் போட வேண்டும். இதற்கெல்லாம் முன்பாக, மணிக்கட்டில் எர்த் வளையம் கட்ட வேண்டும். அதற்குள் பத்து லட்சம் ஓம் தடை ஒன்று இருக்கும். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் மெல்ல இறங்கிவிடும்; தப்பித்தவறி மின்சாரத்தைத் தொட்டாலும் பெரிய அதிர்ச்சி அடிக்காது.

நாங்கள் சிரித்தோம். "இந்த வயசில் வளையலா?" என்றார் என் சீனியர். நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட் ஆனால்தான் நம் விரலுக்குச் சுரீர் என்று தெரியும். சில சில்லுகள் பாழாக அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். நமக்குத் தெரியாமலே கெடுத்துவிடலாம்.

ஒரு சித்திரை மாதம், ஒரு கிராமத்தில் பெட்டியை நிறுவப் போனோம். வெயில், அவசரம். வளையம் பையிலேயே கிடந்தது. வெறுங்கையால் நான்கு கார்டுகளைக் கழற்றி, நிறுவியபின் மாட்டினேன். எல்லாம் வேலை செய்தது. ஊரார் இளநீர் கொடுத்தார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு கார்டு செத்தது. அன்று இரவு ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. போன் இல்லாமல், அவள் தம்பி டவுனுக்கு சைக்கிள் மிதித்து டாக்சி கொண்டுவந்தான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

நிலைமின்சாரத்தில் அடிபட்ட சில்லு உடனே சாகாமல், சில வாரம் ஓடிவிட்டுச் சாவதும் உண்டு. என் கைதான் காரணமா என்று நிரூபிக்க வழியில்லை. அறிக்கையில் "கார்டு பழுது" என்று மட்டும் எழுதினேன். வெறுங்கையை எழுதவில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள்வரை, வளையம் கட்டாமல் ஒரு கார்டையும் தொட்டதில்லை. சீனியர் கேலி செய்தார். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.