எலிக்கோபாக்டர் பைலோரி தொற்றுப் பரவல்

எலிக்கோபாக்டர் பைலோரி என்பது மனித இரைப்பையின் சளிப்படலத்தில் வாழும் சுருள் வடிவப் பாக்டீரியா ஆகும். இது யூரியேசு என்னும் நொதியைச் சுரந்து, யூரியாவிலிருந்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சூழ்ந்துள்ள அமிலத்தை நடுநிலையாக்கிக் கொள்கிறது. இரைப்பை அழற்சி, இரைப்பைப் புண், முன்சிறுகுடல் புண், இரைப்பைப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு இது முக்கியக் காரணியாகும். எனினும் தொற்றுக்கு உள்ளானோரில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் எவ்வித அறிகுறியும் தோன்றுவதில்லை.

1990க்கு முன் உலகில் வயது வந்தோரில் 52.6% பேரிடம் காணப்பட்ட இத்தொற்று, 2015–2022 காலப்பகுதியில் 43.9% ஆகக் குறைந்ததாகப் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு மதிப்பிட்டுள்ளது. இக்குறைவு எல்லா நாடுகளிலும் எல்லாத் தலைமுறைகளிலும் ஒரே அளவில் நிகழவில்லை.

தொன்மை

மரபணு ஆய்வுகளின்படி, ஏறத்தாழ 58,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டபோதே இப்பாக்டீரியா அவர்களுடன் பயணித்துள்ளது. 1991ஆம் ஆண்டு ஆல்ப்சு மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகள் பழமையான ஏட்சி என்னும் மனிதனின் இரைப்பையிலும் இதன் மரபணுத்தொகை இருந்தது 2016இல் அறியப்பட்டது. அவ்வகை இன்றைய ஐரோப்பிய வகையைவிட, நடு ஆசியாவிலும் தெற்காசியாவிலும் காணப்படும் வகைக்கே நெருக்கமானது.

கண்டுபிடிப்பு

அமிலம் நிறைந்த இரைப்பையில் பாக்டீரியா நிலைத்து வாழ இயலாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆத்திரேலியாவின் பேர்த் நகரில் இராபின் வாரன், பேரி மார்சல் ஆகியோர் 1982இல் இதனை வளர்ப்பூடகத்தில் வளர்த்தெடுத்தனர். 1984இல் மார்சல் இப்பாக்டீரியாவைத் தாமே அருந்தி, இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். 1994இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதனை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது. 2005இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தலைமுறை விளைவு

பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, தாய் அல்லது உடன்பிறந்தோர் வழியாக இத்தொற்று ஏற்படுகிறது. சிகிச்சை பெறாவிடில் பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது. எனவே 70 வயதுடைய ஒருவரின் தொற்று, அவருடைய இன்றைய வாழ்க்கை நிலையைவிட, 70 ஆண்டுகளுக்கு முந்தைய வீட்டு நிலையையே பெரிதும் காட்டுகிறது. முதியோரிடம் தொற்று மிகுதியாக இருப்பது பல நாடுகளில் வயதினால் மட்டும் ஏற்பட்டதன்று. அவர்கள் பிறந்த காலத்தின் விளைவுமாகும்.

இதற்குச் சப்பான் சிறந்த எடுத்துக்காட்டாகும். அங்கு பிறந்த ஆண்டுவாரியாக மதிப்பிடப்பட்ட தொற்று விகிதம் பின்வருமாறு:

* 1940இல் பிறந்தோர் – 64.1%
* 1950இல் பிறந்தோர் – 59.1%
* 1970இல் பிறந்தோர் – 34.9%
* 1990இல் பிறந்தோர் – 15.6%
* 2000இல் பிறந்தோர் – 6.6%

பாக்டீரியா கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே இவ்வீழ்ச்சி தொடங்கிவிட்டது. ஆகவே இதனை மருந்துகளின் விளைவாக மட்டும் கொள்ள இயலாது. தூய குடிநீர், கழிவகற்றல் வசதி, சிறிய குடும்பம், நெருக்கடியற்ற உறைவிடம் ஆகியவை முதன்மைக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. இவ்வசதிகள் எட்டாத மக்களிடையே தொற்று இன்னும் மிகுந்துள்ளது. 2017இல் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீட்டில், சுவிட்சர்லாந்தின் விகிதம் 18.9% ஆகவும் நைசீரியாவின் விகிதம் 87.7% ஆகவும் இருந்தன.

புற்றுநோயுடன் முரண்பாடு

உலகில் 2022ஆம் ஆண்டு சுமார் 6.6 இலட்சம் பேர் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தனர். ஆயினும் தொற்று மிகுந்த இடங்களிலெல்லாம் இப்புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதில்லை. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளும் இந்தியாவும் இதற்குச் சான்றுகளாகும். மலேசியாவில், தமிழரைப் பெரும்பான்மையாகக் கொண்ட இந்திய வம்சாவளியினரிடம் தொற்று அதிகம். ஆனால் இரைப்பைப் புற்றுநோய் சீன வம்சாவளியினரிடமே கூடுதலாக உள்ளது. பாக்டீரியா வகைகளின் வீரிய வேறுபாடு, உணவில் உப்பின் அளவு, புகைபிடித்தல், மனித மரபணு ஆகியவை இதற்கு விளக்கங்களாகக் கூறப்படுகின்றன.

ஒழிப்பு முயற்சிகள்

இரைப்பைப் புற்றுநோய் மிகுந்திருந்த, தைவான் ஆட்சிக்குட்பட்ட மட்சு தீவுகளில் 2004இல் மக்கள் அனைவருக்குமான பரிசோதனையும் சிகிச்சையும் தொடங்கப்பட்டன. அங்கு தொற்று 64.2% இலிருந்து 15% ஆகக் குறைந்தது. இரைப்பைப் புற்றுநோய் நிகழ்வும் எதிர்பார்க்கப்பட்டதில் பாதிக்கும் கீழே இறங்கியது. சப்பான் 2013இல் இத்தொற்றால் உண்டாகும் இரைப்பை அழற்சிக்கான சிகிச்சையை அரசுக் காப்பீட்டில் சேர்த்தது.

மருந்தெதிர்ப்பு இம்முயற்சிகளுக்குப் பெருந்தடையாகும். கிளாரித்ரோமைசினுக்கு எதிர்ப்புப் பெற்ற வகையை, புதிய மருந்துகள் தேவைப்படும் பாக்டீரியாக்களின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பு 2017இல் சேர்த்தது.

மாற்றுக் கருத்து

நெடுங்காலம் மனிதருடன் வாழ்ந்த இப்பாக்டீரியா மறைவதால் தீங்கும் நேரலாம் என அமெரிக்க ஆய்வாளர் மார்ட்டின் பிளேசர் போன்றோர் கருதுகின்றனர். தொற்று இல்லாதோரிடம் அமிலப் பின்னோட்ட நோயும் சிறுவயது ஆத்துமாவும் சற்று மிகுதியாக இருப்பதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் இவற்றிடையே காரண–விளைவுத் தொடர்பு உறுதியாக நிறுவப்படவில்லை.