பாப் ஸ்மியர்: கண்ணாடித் தகடா, திரவக் குப்பியா?

நிபோங் திபால் பைராம் தோட்டம் போன்ற இடங்களில், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு மறுமுறை கிளினிக் போவதென்றால் ஒரு நாள் சம்பளமே போய்விடலாம். அதனால் மாதிரியைத் தயாரிக்கும் முறையும் முக்கியம்.

பழைய முறையில், எடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி, காயும் முன்பே ஆல்கஹாலில் பதப்படுத்துவர். செலவு குறைவு, ஆனால் இரத்தமும் சளியும் செல்களை மறைக்கலாம்.

திரவ முறையில், பிரஷ்ஷைக் குப்பியிலுள்ள திரவத்தில் அலசி அனுப்புவர். ஆய்வுக்கூடக் கருவி செல்களை மெல்லிய படலமாகப் பரப்பும். எஞ்சிய திரவத்தில் எச்பிவி கிருமியையும் சோதிக்கலாம்.

நோயைக் கண்டறிவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால், 'தெளிவில்லை, மீண்டும் வாருங்கள்' என்ற பதில் திரவ முறையில் குறைவு.

2018இல் மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கிய ரோஸ் திட்டத்தில், எச்பிவி சோதனைக்கான மாதிரியைப் பெண்கள் தாங்களே எடுக்கலாம். எந்த முறையானாலும், முடிவைக் கேட்டு வாங்கினால்தான் பரிசோதனை முழுமை பெறும்.