"இந்த மாத்திரையை இங்கேயே தரக்கூடாதா சார்?"

1/ பிக்கட்டி பக்கத்துல இருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிட்டு வந்தாங்க. மகனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையில நல்லா இருந்தவர். நிறுத்தி ரெண்டு மாசம். இப்போ தூக்கம் இல்ல, காதுல குரல் கேக்குது.

"ஏம்மா நிறுத்தினீங்க?"

"ரெண்டு பஸ் மாறிப் போகணும் சார். அன்னைக்குத் தேயிலை பறிக்கிற கூலி போயிடும். இந்த மாத்திரையை இங்கேயே தரக்கூடாதா?"

2/ அன்னைக்கு ஒரு ஏற்பாடு செஞ்சு அனுப்பிட்டேன். கேள்வி மட்டும் மனசை விட்டுப் போகல. ஏன்னா, "தரலாம்"னு அரசாங்கம் 1982-லேயே சொல்லிடுச்சு. அந்த வரலாறுதான் இந்த இழை.

3/ சென்னையில் மனநோயாளிகளுக்கான விடுதி 1794-ல் தொடங்கியது. 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. நம்ம மலையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். பல தலைமுறைக்கு மனநோய் என்றாலே "கீழ்ப்பாக்கம்" என்ற கேலிதான் மிச்சம்.

4/ 1946-ல் போர் கமிட்டி அறிக்கை வந்தது. இங்கிலாந்தில் சுமார் 300 பேருக்கு ஒரு மனநலப் படுக்கை, இந்தியாவில் 40,000 பேருக்கு ஒன்று என்றது. ஆக, சுதந்திரத்துக்கு முன்பே பிரச்சினை தெரியும்.

5/ 1982-ல் தேசிய மனநலத் திட்டம். டெல்லியில் இந்திரா காந்தி, இங்கே எம்ஜிஆர். திட்டத்தின் சாரம்: ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குப் பயிற்சி கொடு, மருந்தை ஊருக்கே கொண்டு போ. அந்த அம்மா கேட்டது இதைத்தான்!

6/ இது நடக்குமா? கர்நாடகாவின் பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் நடத்திக் காட்டியது. அதன்பிறகும் மாவட்ட மனநலத் திட்டம் வர 1996 ஆயிடுச்சு. அதுவும் நாடு முழுக்க வெறும் 4 மாவட்டங்களில். நம் மாநிலத்தில் முதலில் திருச்சி.

7/ 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தனியார் காப்பகத்தில் தீ. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மாட்டியவர்கள். 28 பேர் இறந்தார்கள். காப்பகங்களுக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டம் 1987-லேயே நிறைவேறி 1993-ல் அமலுக்கும் வந்திருந்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்ட பிறகுதான் அரசுகள் வேகமெடுத்தன.

8/ "டாக்டர், நம்ம நாட்டுல எல்லாமே மெதுவாத்தானே நடக்கும்?" இல்லைங்க. இதே தமிழ்நாடு, இதே ஆரம்ப சுகாதார நிலையங்கள்தான் பிரசவ மரணத்தைப் பெருமளவு குறைத்தன. ஒரு தாய் இறந்தால் விசாரணை உண்டு. கலெக்டர் வரை பதில் சொல்லணும். மாத்திரை கிடைக்காமல் ஒருவர் மறுபடி நோயில் விழுந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை. என் பார்வையில் தாமதத்துக்கு முதல் காரணம் இதுதான். ஆட்சிகள் எல்லாம் மாறின, இது மட்டும் மாறல.

9/ நல்லதையும் சொல்லணும். மாவட்ட மனநலத் திட்டம் இன்று நீலகிரியிலும் உண்டு. 2022 முதல் 14416 என்ற இலவச டெலிமானஸ் எண் இருக்கு. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரியும், 2025-ல் திறந்த 700 படுக்கை மருத்துவமனையும் வந்தாச்சு. ஆனால் 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, சிகிச்சை தேவைப்படும் 10 பேரில் 7 முதல் 9 பேருக்கு அது கிடைக்கவில்லை.

10/ 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அமலானது 2018-ல். பிரிவு 18: மனநல சிகிச்சை உங்கள் உரிமை. மாவட்டத்தில் அரசு சேவை இல்லையென்றால், அங்கேயே வேறு இடத்தில் பெறும் சிகிச்சைக்கு அரசே செலவு ஏற்கணும். பிரிவு 31: சர்வதேச அளவுக்கு மனநல நிபுணர்களை 10 ஆண்டுக்குள் எட்ட அரசு முயற்சி எடுக்கணும். "முயற்சி"ங்கிற வார்த்தையில் ஓட்டை இருக்கு. ஆனால் கெடு 2028.

11/ கணக்குப் போடுவோம். லட்சம் பேருக்கு 3 மனநல மருத்துவர் தேவை என்பது பரவலாகச் சொல்லப்படும் இலக்கு. நாட்டில் இருப்பது 0.75. 2011 கணக்கெடுப்பில் நீலகிரி மக்கள்தொகை 7,35,394. அப்படின்னா 22 பேர் வேணும்.

12/ ஓட்டு கேட்டு வருபவர்களிடம் ரோடு, தண்ணி கேட்கிறோம். இனி இதையும் கேளுங்க: "எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல மனநல மாத்திரை மாசாமாசம் கிடைக்குமா? 2028-க்குள்ள நம்ம மாவட்டத்துக்கு எத்தனை மனநல டாக்டர்?" பதில் வரலைன்னா ஆர்டிஐ போடுங்க.

ஒரு சின்ன வேண்டுகோள். வீட்டில் யாராவது மாத்திரை எடுத்துட்டு இருந்தால், டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க. தயக்கமா இருந்தா 14416-க்கு ஒரு போன் போடுங்க. தமிழிலேயே பேசலாம்.