எபிசோட் தொகுப்பு: விண்வெளியில் ஒரு சார்ஜர் ரிப்பேர்

2019 அக்டோபர் 18-ஆம் தேதியைப் பற்றிக் கேட்டா, நிறைய பேர் சொல்லக்கூடிய பதில்: வரலாற்றுல முதல் முறையா ரெண்டு பெண்கள் மட்டும் சேர்ந்து விண்வெளியில நடந்த நாள். கிறிஸ்டினா காக், ஜெசிகா மேயர். சரிதான். ஆனா அவங்க எதுக்கு வெளியே போனாங்க? ஒரு பேட்டரி சார்ஜர் மக்கர் பண்ணுச்சு. அதை மாத்தத்தான் போனாங்க. இன்னைக்கு எபிசோட் அந்த சார்ஜரைப் பற்றி.

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுத்துது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச நேரம் பூமியோட நிழல்ல போகும். வெயில் இருக்கும்போது சோலார் தகடுகள் கரண்ட் தருது, இருட்டுல பேட்டரிதான் கதி. அதாவது ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 16 தடவை சார்ஜ், 16 தடவை டிஸ்சார்ஜ். நம்ம போனை இப்படிப் போட்டு எடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

இந்த வேலையை நடுவுல நின்னு பார்க்கிற பெட்டிக்குப் பேர் பிசிடியு. பேட்டரிக்கு எவ்வளவு கரண்ட் உள்ளே போகணும், எவ்வளவு வெளியே வரணும்னு முடிவு பண்றது அதுதான். நம்ம வீட்டுச் சார்ஜர் ஒரு வழிப்பாதை, இது இரு வழிப்பாதை. எடை சுமார் 100 கிலோ. நிலையம் முழுக்க இது மாதிரி 24 இருக்கு.

அந்த அக்டோபர்ல நிலையத்தோட ஒரு கோடியில இருக்கிற பி6 பகுதியில பேட்டரி மாத்துற வேலை நடந்துட்டு இருந்தது. பழைய நிக்கல்-ஹைட்ரஜனை எடுத்துட்டு லித்தியம்-அயான் வைக்கணும். மொத்தத்துல 48 பழைய பேட்டரி இருந்த இடத்துக்கு 24 புதுசு போதும். அக்டோபர் 6, 11 ரெண்டு நாளும் காக்கும் ஆண்ட்ரூ மார்கனும் வெளியே போய் வேலை பார்த்தாங்க. 11-ஆம் தேதி வேலை முடிஞ்சதுக்கு அப்புறம் பார்த்தா, ஒரு பிசிடியு ஆன் ஆகவே இல்லை. அதோட சேர்ந்த புது பேட்டரி இருந்தும் பிரயோஜனம் இல்லாம நின்னுச்சு.

நம்ம வேலையில இது ரொம்பப் பழக்கமான சீன். வெள்ளிக்கிழமை ஒரு மாற்றம் போடுறோம், நாம தொடாத ஒரு சர்வீஸ் விழுது. உடனே எல்லாரும் கை காட்டுறது புதுசாப் போட்டதைத்தான். இங்க புதுசு பேட்டரி. ஆனா செத்தது சார்ஜர். பி6 பகுதி 2000 டிசம்பர்ல எண்டெவர் விண்கலத்துல மேலே போனது. அந்தப் பெட்டியும் அப்போதிருந்தே அங்கதான். கிட்டத்தட்ட 19 வருஷமா ஓடிட்டு இருந்த மெஷினை, பேட்டரி மாத்துறதுக்காக நிறுத்தித் திரும்ப எழுப்பும்போது அது எழுந்திருக்கலை. அதே வருஷம் சில மாசம் முன்னாடி, வேற பகுதியில பேட்டரி மாத்தினதுக்கு அப்புறமும் இன்னொரு பிசிடியு போயிருந்தது. ஒரு தடவைன்னா விதின்னு விட்டுடலாம், ரெண்டு தடவைன்னா எந்த இன்ஜினியருக்கும் வயித்தைக் கலக்கும்.

அதனால ஹூஸ்டன்ல எடுத்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த நேரத்துல நிலையத்துக்கோ ஆட்களுக்கோ ஆபத்து இல்லை, ஆராய்ச்சிகளும் நிக்கலை. இருந்தும் மிச்ச பேட்டரி வேலையை ஒத்தி வச்சாங்க. காரணம் புரியாம அடுத்த பேட்டரியில கை வைக்கக் கூடாது. காக்கும் மேயரும் 21-ஆம் தேதி பேட்டரி மாத்தப் போறதா இருந்தது. அந்தத் தேதி 18-க்கு முன்னாடி வந்துச்சு, வேலை சார்ஜர் மாத்துறதா மாறுச்சு.

இங்க ஒரு கிளைக்கதை. அதே வருஷம் மார்ச்ல காக், ஆன் மெக்ளேன் ரெண்டு பேரும் சேர்ந்து நடக்க வேண்டியது. ரெண்டு பேருக்கும் மீடியம் சைஸ் மேல்பகுதி தேவை, தயாரா இருந்ததோ ஒண்ணு. சட்டை சைஸுல ஒரு சரித்திரம் ஏழு மாசம் தள்ளிப்போச்சு.

காக் படிச்சது எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங், அது அவங்களுக்கு நாலாவது நடை. மேயர் கடல்சார் உயிரியல் படிச்சவங்க, அவங்களுக்கு முதல் நடை. வெளியில அவங்க யாரும் சால்டரிங் அயர்ன் எடுத்து உட்காரலை. இந்தப் பெட்டிகளை வடிவமைச்சதே அப்படியே முழுசா கழட்டி மாத்துறதுக்குத்தான். தடிச்ச கையுறையைப் போட்டுக்கிட்டு ஒரு ரெசிஸ்டரைத் தேட முடியாது இல்லையா? எடையில்லாத இடம்னு வேலை சுலபம்னும் நினைக்காதீங்க. 100 கிலோ பொருளைத் தள்ளிவிட்டா, நிறுத்துறதுக்கும் அதே பலம் வேணும். 7 மணி 17 நிமிஷம் வெளியே இருந்தாங்க. புதுப் பெட்டி ஆன் ஆச்சு. மிச்ச நேரத்துல வேற சில வேலைகளையும் முடிச்சாங்க.

செய்தியில வந்ததெல்லாம் "முதல் பெண்கள் ஜோடி"தான். அது பெரிய விஷயம், குறைச்சுச் சொல்லலை. 1984-ல ஸ்வெத்லானா சவித்ஸ்கயா வெளியே வந்ததுல இருந்து இதுக்கு 35 வருஷம் ஆகியிருக்கு. ஆனா எனக்குப் பிடிச்ச பகுதி, இவங்க போட்டோவுக்காகப் போகலைங்கிறதுதான். ஒரு பழுது, ஒரு அவசரம், அன்னைக்கு டியூட்டி இவங்களுக்கு.

2020 ஜனவரியில அதே ரெண்டு பேரும் திரும்ப வெளியே போய், நின்னுபோன பேட்டரி வேலையை ரெண்டு நடையில முடிச்சாங்க. அந்தப் பழைய சார்ஜர்? அதைக் குப்பையில போடலை. அதே மாசம் டிராகன் விண்கலத்துல பத்திரமா பூமிக்கு இறக்கினாங்க. பிரிச்சு, சோதிச்சு, சரி பண்ணி, திரும்ப ஸ்பேரா வச்சுக்கிறதுதான் அப்போ திட்டமா இருந்தது.