ஆவாரம்பட்டை, குரோமியம், வெயில்: திண்டுக்கல் தோலும் 'சுத்தம்' என்னும் சொல்லும்

எம்.ஏ. தமிழ் வகுப்பில் ஆவிரையை மடலேறுகிறவன் சூடும் பூவாகத்தான் படித்தோம். அதே செடியின் பட்டை ஒரு தொழிலையே தாங்கி நின்றது என்பது பாடத்தில் இல்லை. இலக்கியத்திற்குப் பூ, உழைப்புக்குப் பட்டை என்கிற இந்தப் பிரிவினை தற்செயலானதல்ல. திண்டுக்கல் தோல்ஷாப்புத் தொழிலாளர்களைப் பற்றிய டி. செல்வராஜின் 'தோல்' நாவல் 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற பிறகுதான் நம்மில் பலருக்கு இந்த ஊரின் அந்தப் பக்கமே கண்ணில் பட்டது.

ஆவாரம்பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு, குழி, மனித உடம்பு: பழைய பதனிடலின் கருவிகள் இவைதாம். வாரக்கணக்கில் ஆகும், மின்சாரம் அதிகம் கேட்காது. 'புதுப்பிக்கத்தக்க வளம்' என்று இன்று கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, அது அன்று சாதாரணப் பழக்கம். ஆனா இதை வைத்துப் பொற்காலம் கட்டிவிடலாகாது. சுண்ணாம்புக் குழிக்குள் யாரை இறக்குவது என்பதைச் சாதி தீர்மானித்தது. பட்டைச் சத்துக்காகப் பழனி மலையில் நட்ட சீகை எனப்படும் வாட்டில் மரங்கள் இன்று கொடைக்கானல் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. மறுபடி முளைப்பதெல்லாம் குற்றமற்றது என்று சொல்ல முடியாது.

1973இல் மத்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடை செய்து, அரைப்பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு விதித்தது. முழுத்தோலாக அனுப்பினால் அந்நியச் செலாவணி கூடும் என்பது கணக்கு. இதையொட்டிக் குரோமியப் பதனிடல் பெருகியது. வாரக்கணக்கான வேலை ஒரு நாளில் முடிந்தது. வழக்கமான முறையில், போடும் குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடும். தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பும் கூடவே போகும். எங்கே? கிணற்றுக்குத்தான்.

திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு ஆய்வு செய்தது. 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலேயே இந்த எண்கள் பதிவாகியுள்ளன. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல்கணக்கில் நடக்கிறார்கள் என்றும் அது சொல்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று இந்தத் தீர்ப்பு அறிவித்தது. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டத் தொழிற்கூடங்களுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது.

இதன் பிறகு 'தூய தொழில்நுட்பம்' என்ற சொல்லாடல் வலுப்பெற்றது. அதன் உள்முரண்களைப் பார்க்க வேண்டும். உப்புநீரைத் தனியே பிரித்து, ஆழமில்லாத தொட்டிகளில் பரப்பி வெயிலில் காயவைக்கிறார்கள். எரிபொருள் செலவில்லை, நல்ல யோசனை. ஆனால் நீர்தான் போகிறது, உப்பு போவதில்லை. அழுக்கு கலந்த அந்த உப்பு குவியலாகத் தேங்குகிறது. சவ்வு வழியாக வடிகட்டி, எஞ்சியதைக் கொதிக்கவைத்துச் சுண்டவைத்தால் நீரை மீட்கலாம். அதற்கு மின்சாரமும் நீராவியும் ஏராளமாக வேண்டும். நிலக்கரியோ விறகோ எரித்து அதைச் செய்தால், அழுக்கைத் தண்ணீரிலிருந்து காற்றுக்கு இடம் மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

அப்படின்னா வழி? கடைசியில் சுத்தம் செய்வதைவிட முதலில் அழுக்காக்காமல் இருப்பது சக்தியையும் மிச்சப்படுத்தும். தோலை நனைக்கும் முன்பே உப்பை உதறி எடுப்பது, குறைந்த உப்பில் பாதுகாப்பது, குரோமியத்தை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துவது ஆகியவை தெரியாத வித்தைகளல்ல. 1948இல் சென்னையில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இவற்றில் பெரும் உழைப்பு நடந்திருக்கிறது.

ஆனால் சக்திச் சிக்கனத்தை யார் கணக்கில் அளப்பது? ஒரு கிலோ தோலுக்கு இத்தனை யூனிட் என்று கணக்கெழுதுகிறோம். கிணறு கெட்டதால் குடத்தோடு நடந்த பெண்ணின் உடம்பு செலவழித்த சக்தி எந்தப் பேரேட்டிலும் இல்லை. சூரியத் தகடோ காற்றாலையோ வரட்டும், வேண்டியதுதான். அதோடு கூட, அந்த 13 கிராமங்களின் கிணற்று நீரும் சிக்கனக் கணக்கின் ஒரு வரியாக ஏற வேண்டும் என்று கேட்பதே நமது அரசியலாக இருக்க முடியும்.